அபாச்சி வேடத்தில் அண்ணை சொன்னது

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பெரியவள் ஒரு படத்தை நடுவில் நிறுத்திவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். நான் தெரியாது என்றேன். அது பொய். நேரில் சொல்லலாம்தான். ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்தால் நான் வேறு கதைக்குத் தாவிவிடுவேன், அது எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். அப்பா அதிகம் படித்தவன் இல்லை, எழுதிப் பழக்கமும் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விளங்காத சொல் வந்தால் அம்மாவிடம் கேளுங்கள். ஆனால் இந்தக் கதை அம்மாவுக்கும் முழுதாகத் தெரியாது.

பெரியவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த வேலை அது. அமெரிக்காவின் கௌபாய் படங்களில் அபாச்சி மக்களை எப்படியெல்லாம் பிழையாகக் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டும். அவள் இணையத்தில் தேடி, ஒருவருக்கும் பெயர் தெரியாத ஒரு மலிவான படத்தைப் பிடித்துவிட்டாள். பிழைகள் நிறைய இருக்கிற படமாம், எழுதுவதற்கு வசதியாம். சின்னவள் சோபாவில் தலைகீழாகக் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சட்டை அயர்ன் பண்ணிக்கொண்டு நின்றேன். பெரியவள் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிக் கொப்பியில் எழுதினாள். முதுகு வரைக்கும் தொங்குகிற அந்த இறகுக் கிரீடம் அபாச்சிகளுடையது இல்லையாம், அது வடக்கே சமவெளியில் இருந்த வேறு மக்களுடையதாம். அபாச்சிகள் தலையில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டுவார்களாம். அந்தக் கூம்புக் கூடாரமும் பிழையாம். அவர்கள் கொப்பு வளைத்து, புல் வேய்ந்து, கவிழ்த்து வைத்த சட்டி மாதிரிக் குடில் கட்டி இருந்தவர்களாம். எதிரியைச் சுற்றிச் சுற்றிக் குதிரையில் ஓடிச் சூடு வாங்கிச் சாகிற மடையர்களும் இல்லையாம். பாறைக்குப் பின்னால் கல்லோடு கல்லாகப் படுத்திருந்தால் பக்கத்தில் போகிறவனுக்கும் தெரியாதாம்.

நான் அயர்னை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். அந்த வெள்ளைப் பாறையை எனக்குத் தெரியும். சிவப்பு மை பூசிய அந்த வெள்ளைப் பாறையை.

அப்போதுதான் அந்த இடம் வந்தது. ஒரு மேட்டின் மேல் பதினைந்து பேர் வரிசையாக நிற்கிறார்கள். கமரா நடுவில் நிற்பவரின் முகத்துக்குக் கிட்டப் போகிறது. அவர் வாயைத் திறக்கிறார். வாயில் கையை அடித்து அடித்துக் கத்துகிற அந்தச் சத்தம், நீங்கள் சின்ன வயதில் விளையாட்டுக்குக் கத்துவீர்களே அந்தச் சத்தம், வருகிறது. பெரியவள் படத்தை நிறுத்தினாள்.

“அப்பா, வெயிட். அவரின்ர வாயைப் பாருங்கோ. அவர் அந்தச் சவுண்ட் போடேல்லை. கையும் வாயில இல்லை. ஹி இஸ் சேயிங் சம்திங்.”

“லஞ்ச் எப்ப எண்டு கேக்கிறார் போல,” என்றாள் சின்னவள்.

“ஷட் அப். அப்பா, என்ன பாஷை அது?”

“தெரியாதம்மா,” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போவதாகக் குசினிக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றேன்.

அந்தப் பாஷை தமிழ். அந்த மனிதர் கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்கிற ஊரில், என்னோடு வேலை செய்த அண்ணை. அவருக்கு இரண்டு ஆள் தள்ளி, பொய்முடி கண்ணை மறைக்க, அட்டைக் கேடயத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கிற மெலிந்த ஆள் நான்.

அண்ணை செத்து இரண்டு வருடமாகிறது. அவருடைய பெயரை நான் இதில் எழுதப் போவதில்லை. அதற்குக் காரணமும் பெரியவள் வாசித்துச் சொன்னதுதான். அபாச்சிகள் இறந்தவரின் பெயரை வாயால் சொல்ல மாட்டார்களாம். சொன்னால் அவரைக் கூப்பிட்டதாகிவிடுமாம். அவருடைய பொருட்களை எரித்துவிட்டு, இருந்த குடிலையும் விட்டு வேறு இடத்துக்குப் போய்விடுவார்களாம். இதை ஒரு படத்திலும் ஒழுங்காகக் காட்டவில்லை என்று அவள் கோபப்பட்டாள். அந்த மக்களின் வேடத்தைப் போட்டுக்கொண்டு அண்ணை செய்தது அதற்கு நேர்மாறான வேலை.

நான் லண்டனுக்கு வந்த புதிதில் பார்க்கிங்கில் சலாது இலை கழுவிப் பைகளில் அடைக்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை. விடிய வெள்ளை வான் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போகும். எப்போதும் குளிர்ப்பெட்டிக்குள் நிற்பது மாதிரித்தான். எனக்குப் பக்கத்தில் நின்றவர் அண்ணை. என்னை விட ஒன்பது வயது மூத்தவர், ஊரில் தண்ணீர்ப் பம்ப் திருத்தினவர், அகலமான முகம், அதிகம் சிரிக்க மாட்டார். என்னை ‘அப்பன்’ என்று கூப்பிடுவார். எங்களில் வயது குறைந்தவர்களை எல்லாரும் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவோம், அவர் மட்டும் அந்தச் சொல்லை ஒருவருக்கும் பாவிக்க மாட்டார். ‘அப்பன்’, ‘ராசா’, ‘டேய்’, எதுவும் வரும். தம்பி வராது. அந்தச் சொல் ஒரு ஆளுக்கு மட்டும் உரியதாக இருந்தது.

அவருடைய தம்பி ஒரு காலைநேரம் பாண் வாங்கச் சைக்கிளில் போனவன். சந்தியில் ஆமியின் சுற்றிவளைப்பு. சைக்கிள் வேலியில் சாத்தி இருந்ததைக் கண்டவர்கள் இருந்தார்கள். அவனை ஏற்றியதைக் கண்டவர்களும் இருந்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. செத்தான் என்றும் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. காணாமல் போனவர்களைத் தேடுகிற இடங்களுக்கெல்லாம் அண்ணை கடிதம் போட்டார். எனக்குக் கொஞ்சம் இங்கிலிஷ் தெரியும் என்பதால் அந்தப் படிவங்களை நான்தான் நிரப்பிக் கொடுப்பேன். தம்பியைப் பற்றி அவர் கதைத்தால் ‘தம்பிக்கு முருங்கைக்காய் பிடிக்காது’ என்பார். பிடிக்காமல் இருந்தது என்று ஒரு நாளும் சொல்ல மாட்டார். படிவத்தில் ‘கடைசியாகக் காணப்பட்ட இடம்’ என்ற கேள்வி வரும்போது மட்டும் எழும்பி ஜன்னலடிக்குப் போய்விடுவார்.

ஒரு நாள் வான் வழக்கமான பாதையில் போகவில்லை. ஆற்றைக் கடந்து கென்ட் பக்கம் போனது. வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவர், மூன்று நாளைக்கு வேறு வேலை, வெளியில் நிற்கிற வேலை என்று மட்டும் சொல்லியிருந்தார். போய்ச் சேர்ந்த இடத்தில் பெரிய பஸ்கள் வரிசையாக நின்றன, கையில் வயர்லெஸ்ஸோடு ஆட்கள் ஓடித் திரிந்தார்கள். எங்களில் ஒருவர் ஊரில் மினிபஸ் கண்டக்டராக இருந்தவர், நல்ல பகிடிக்காரர். அவர் வானின் கண்ணாடியில் மூக்கை அமத்திப் பார்த்துவிட்டு, “முடிஞ்சுது கதை. எல்லாரையும் ஒண்டாய் ஊருக்கு ஏத்தி அனுப்பப் போறாங்கள். நான் ஜன்னல் சீட்,” என்றார். ஒருவர் உண்மையாகவே அழத் தொடங்கிவிட்டார். பிறகுதான் கையில் அட்டை வைத்திருந்த ஒரு பெண் வந்து சொன்னாள். படம் எடுக்கிறார்களாம். மண்ணிறத் தோலுள்ள ஆட்கள் வேணுமாம். நாங்கள் அபாச்சிகளாம்.

நான் அதைத் தமிழில் சொன்னதும் கண்டக்டர், “அப்பாச்சியோ? அப்பாவின்ர அம்மாவோ? என்ர அப்பாச்சி பக்கத்து வீட்டுக்காரியோட மட்டும்தான் சண்டை பிடிச்சவ!” என்றார். அழுதவரும் சிரித்துவிட்டார்.

எங்களுக்குப் பொய்முடி மாட்டி, சாயம் போட்ட வான்கோழி இறகுகளைத் தலையில் கட்டினார்கள். அண்ணையின் நெற்றியில் இருந்த திருநீற்றை ஒரு பெண் ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்துவிட்டு அதே இடத்தில் வெள்ளை மையால் குறுக்காக மூன்று கோடு இழுத்தாள். அவளுக்கு என்ன தெரியும்? அண்ணை கண்ணாடியில் பார்த்துவிட்டு, “துடைச்சதையே திருப்பித் தந்திட்டாள்,” என்றார். குதிரை ஓட எங்களுக்குத் தெரியாது. அதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள், வெள்ளைக்காரர்கள், உடம்பெல்லாம் மண்ணிறம் பூசிக்கொண்டு. நாங்கள் நடந்துதான் திரிந்தோம், பாறைக்குப் பின்னால் பதுங்கினோம். பெரியவள், உன்னுடைய கொப்பியில் இதையும் எழுதிக்கொள். அந்தப் படத்தில் ஒரு விஷயம் என்றாலும் சரியாக வந்தது எங்களுக்குக் குதிரை ஓடத் தெரியாததால்.

அது சுண்ணாம்புக்கல் தோண்டி எடுத்துக் கைவிட்ட பள்ளம். மூன்று பக்கமும் செங்குத்தான வெள்ளைச் சுவர். அமெரிக்காவின் பாலைநிலம் மாதிரி இருக்கட்டும் என்று காவி நிறத்தைத் தண்ணீரில் கரைத்து அந்தச் சுவருக்கு அடித்திருந்தார்கள். பஞ்சு மாதிரி ஒரு பொருளில் செய்த கள்ளிச்செடிகள் காற்றுக்கு விழுந்துகொண்டிருந்தன. மத்தியானம் மழை தூறியது. காவி கரைந்து சுவர் முழுக்கச் சிவப்பாக ஒழுகிக் கீழே குட்டை குட்டையாகத் தேங்கியது. உள்ளேயிருந்து வெள்ளை, எலும்பு மாதிரி, வெளியில் வந்தது. படம் எடுக்கிறவர்கள் மழையைத் திட்டினார்கள். நாங்கள் அந்தக் குட்டைகளில் கால் படாமல் ஒதுங்கி ஒதுங்கி நின்றோம்.

மழை விட்ட பிறகு, மேட்டில் நின்று கத்துகிற காட்சியைப் பழக்கினார்கள். என்ன கத்துவது என்று கேட்டேன். அட்டைக்காரப் பெண் தோளை உயர்த்தினாள். நான் வந்து மற்றவர்களுக்குச் சொன்னேன், “எங்கட பாஷையில என்ன வேணுமெண்டாலும் கத்தட்டாம். ஒருத்தருக்கும் விளங்காதாம்.”

கண்டக்டர் உடனே நெஞ்சை நிமிர்த்தி, ஈட்டியைத் தூக்கி, “கொடிகாமம், மீசாலை, சாவகச்சேரி, நுணாவில், கைதடி, நாவற்குழி! இறங்கிறவை முன்னுக்கு வாங்கோ!” என்று கத்தினார். டைரக்டருக்கு நன்றாகப் பிடித்துவிட்டது, பயங்கரமாக இருக்கிறதாம். எங்களுக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் போய்விட்டது. ஆனால் அந்தப் பள்ளம் எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னது. எங்களுடைய ஊர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக அந்தச் சிவப்பு ஒழுகுகிற சுவரில் பட்டுத் திரும்பி வந்தபோது சிரிப்பு அப்படியே நின்றது.

அண்ணை மட்டும் யோசித்துக்கொண்டு நின்றார். பிறகு என் கையைப் பிடித்தார்.

“அப்பன், இந்தப் படம் எங்கையெல்லாம் போகும் எண்டு கேள்.”

கேட்டேன். டிவியில் போகும், கசெட்டாக வரும், நிறைய நாடுகளுக்கு விற்பார்கள் என்றாள் அந்தப் பெண்.

“இலங்கைக்குப் போகுமோ?”

அவள் சிரித்துக்கொண்டு, ஏன் போகாது என்றாள். அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லை அவர் எவ்வளவு காலம் வைத்திருந்தார் என்று அவளுக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது வானில் அண்ணை விரல்களை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டு வந்தார். எத்தனை சொல் ஒரு மூச்சுக்குள் அடங்கும் என்று பார்த்திருக்கிறார். அடுத்த நாள் டைரக்டர் அவருடைய முகத்தைக் கண்டுபிடித்து நடுவில் நிறுத்திவிட்டார், கமரா அவரிடம்தான் போகும் என்றார். தான் கேட்காமலே இது நடந்ததால் அண்ணைக்கு இது தெய்வச் செயல் என்றே பட்டது. கமரா வந்தது. நாங்கள் வாய்க்கு வந்ததைக் கத்தினோம். எங்களுக்கு மேலாக அண்ணையின் குரல் போனது. முதலில் தம்பியின் பெயர். பிறகு, “அண்ணை கதைக்கிறன்! நான் லண்டனில, பார்க்கிங்கில இருக்கிறன்! உயிரோட இருந்தா ஒரு கடிதம் போடு!”

சுவர் வழக்கம் போல அதைத் திருப்பிச் சொன்னது. பிறகு எல்லாம் அடங்கியது. டைரக்டர் இன்னும் நிறுத்தச் சொல்லவில்லை, நாங்கள் அசையாமல் நின்றோம். அந்த அமைதிக்குள், மூன்றாவது சுவர்ப் பக்கமிருந்து, மெல்லியதாக ஒரு குரல் வந்தது. ‘அண்ணை.’ அந்த ஒரு சொல் மட்டும்.

தூரத்துச் சுவரில் பட்டுப் பிந்தி வந்த எதிரொலியாக இருக்கும். அண்ணை கத்தியதில் அந்தச் சொல்லும் இருந்ததுதானே. நான் அப்போதும் அப்படித்தான் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் மற்றச் சொற்கள் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியாது. அந்தக் குரல் ஏன் அண்ணையின் குரலை விட இளமையாக இருந்தது என்றும் தெரியாது.

சாப்பாட்டு நேரம் சவுண்ட்காரர் என்னைக் கூப்பிட்டார். இங்கிலிஷ் தெரிந்தவன் என்று என்னைத்தான் எல்லாவற்றுக்கும் கூப்பிடுவார்கள். வயதான வெள்ளைக்காரர், நல்ல மனிதர். தன் ஹெட்போனை என் காதில் வைத்து, பதிந்ததைப் போட்டுக் காட்டினார். அந்தக் கடைசிக் குரல் உங்கள் ஆட்களில் யாருடையது, அங்கே யாரும் நிற்கவில்லையே என்று கேட்டார். நான் காதுகொடுத்துக் கேட்டேன். ஹெட்போனுக்குள் அது இன்னும் கிட்டவாக இருந்தது, யாரோ என் தோளுக்குப் பின்னால் நின்று கூப்பிடுவது போல. தெரியாது என்றேன். அவர் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சுண்ணாம்புக்கல் சில நேரம் இப்படித்தான் செய்யும் என்றார். பிறகு ஹெட்போனை வாங்கிக்கொண்டு, பரவாயில்லை, இந்தச் சத்தம் ஒன்றையும் படத்தில் வைக்கப் போவதில்லை, ஸ்டூடியோவில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வழக்கமான செவ்விந்தியச் சத்தத்தைப் போடுவார்கள் என்றார். சொல்லிவிட்டு வாயில் கையை அடித்து அது எது என்று காட்டினார்.

நான் திரும்பி வந்தேன். அண்ணை சாப்பாட்டைத் தொடாமல் எனக்காகக் காத்துக்கொண்டு இருந்தார். இறகுகளுக்குக் கீழே அவருடைய முகம் சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

“கேட்டியோ அப்பன்? மறுமொழி வந்தது. என்னவாம் அந்த மனுசன்? நல்லாப் பதிஞ்சிருக்காமோ?”

பிள்ளைகளே, அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தை உடைக்க மனம் வரவில்லை என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது பாதி உண்மை. மற்றப் பாதியையும் எழுதுகிறேன். அவர் கோபத்தில் டைரக்டரிடம் போய்ச் சண்டை பிடித்தால் எங்கள் எல்லாரையும் வானில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள், பிறகு அந்த ஆள்பிடிக்கிறவர் எனக்கு வேலையே தர மாட்டார் என்று பயந்தேன். “ஓம் அண்ணை, நல்லாப் பதிஞ்சிருக்காம்,” என்றேன். அதுவும் உண்மைதான். பதிந்துதான் இருந்தது.

மூன்றாம் நாள் நாங்கள் சாக வேண்டும். சூடு பட்டதும் விழுந்து, நிறுத்தச் சொல்லும் வரை அப்படியே கிடக்க வேண்டும். எங்களில் ஒருவர் அதற்கு மட்டும் மாட்டேன் என்று சொல்லி வானுக்குள் போய் இருந்துவிட்டார். ஏன் என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. மற்றவர்கள் விழுந்தோம். நிறுத்தச் சொன்னதும் எல்லாரும் சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டு எழும்பினோம். அண்ணை எழும்பவில்லை. ஒரு கன்னம் மண்ணில், கண் திறந்தபடி. நான் ஓடிப்போய் உலுப்பினேன்.

“ஸ்ஸ், சத்தம் போடாதை,” என்றார். “திருப்பிக் கூப்பிடுவானோ எண்டு பாக்கிறன்.”

அன்று வானில் வரும்போது அவருடைய சந்தோசம் எல்லாம் வடிந்திருந்தது. நெற்றியில் அந்த வெள்ளைக் கோடுகள் இன்னும் பாதி இருந்தன. ஆற்றைக் கடக்கும்போது மெல்லமாக என்னிடம் கேட்டார், “உயிரோட இருக்கிறவன் எப்பிடியடா அந்தப் பள்ளத்துக்குள்ள இருந்து கூப்பிடுவான்?” நான் எதிரொலி என்றேன். அவர் தலையாட்டினார். “ஓம். எதிரொலிதான். அது எதிரொலியாத்தான் இருக்க வேணும். படம் வரட்டும். படம்தான் அவனிட்டைப் போகும்.”

படம் வர ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. அந்த ஒரு வருடமும் அவர் கடிதப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். வீடு மாறச் சொல்லியும் மாறவில்லை. பார்க்கிங்கில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாராம், எப்படி மாறுவது? நான் அப்போது இல்ஃபோர்டில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்திருந்தேன். ஒரு ஞாயிறு பகல் அண்ணை கசெட்டைக் கொண்டுவந்தார். புதுச் சேர்ட் போட்டிருந்தார், தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்திருந்தார். இரண்டு பேரும் கட்டிலில் இருந்து பார்த்தோம். நான் திரையைப் பார்க்கவில்லை, அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த இடம் வந்தது. பதினைந்து வாய் திறந்தது. கண்டக்டரின் வாய் கொடிகாமம், மீசாலை என்று போகிறது. என்னுடைய வாய் என்னவோ சொல்கிறது. எல்லா வாயிலிருந்தும் ஒரே சத்தம், எங்களில் ஒருவரும் போடாத அந்தச் சத்தம், வருகிறது. பிறகு அண்ணையின் முகம் திரை நிறைய வந்தது. கண் கெஞ்சுகிறது. உதடு தம்பியின் பெயரைச் சொல்கிறது. அந்த வாய்க்குள்ளிருந்து வேறொருவன் ஊளையிடுகிறான். பேய் பிடித்த ஆளின் வாயில் வேறு ஆள் கதைப்பதாகச் சொல்வார்களே, அதை நான் ஊரில் காணவில்லை, இல்ஃபோர்டில் பகல் வெளிச்சத்தில் கண்டேன்.

அண்ணை திருப்பிப் போடச் சொன்னார். மூன்று முறை போட்டோம். பிறகு, திரையைப் பார்த்தபடியே என்னிடம் கேட்டார்.

“உனக்கு முந்தியே தெரியுமோ அப்பன்?”

“இல்லை அண்ணை,” என்றேன்.

அவர் குனிந்து முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு, “வாய் வடிவாத் தெரியுது என்ன?” என்றார். “சத்தம் இல்லாட்டிப் பரவாயில்லை. தம்பி என்ர வாயைப் பாத்தே கண்டுபிடிப்பான்.” எழும்பிப் புதுச் சேர்ட்டின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

கடிதம் வரவில்லை. அண்ணை கலியாணம் கட்டவில்லை. பார்க்கிங்கை விட்டு மாறவும் இல்லை. உங்களுக்கு அவரை ஞாபகம் இருக்காது. உங்கள் முதலாம் பிறந்தநாட்களுக்கு வந்து வாசலடியில் நின்று ஒரு பெட்டியைத் தந்துவிட்டுப் போனவர். ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் நான் பக்கத்தில் இருந்தேன். கேட்டால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டு போவேன். அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு மறுமொழி சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

பெரியவள் இன்னொன்றும் சொன்னாள். பழைய கௌபாய் படங்களில் அபாச்சியாக நடிக்க வேறு இனத்து ஆதிக்குடி மக்களைக் கூலிக்குப் பிடிப்பார்களாம். அவர்கள் கமராவுக்கு முன்னால் தங்கள் சொந்தப் பாஷையில் என்னென்னவோ கதைப்பார்களாம், எடுத்தவர்களுக்கு ஒன்றும் விளங்காதாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்தப் படங்களைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. மேட்டில் வரிசையாக நிற்கிற அத்தனை பேரும் சூடு பட்டு விழுவதற்கு முன்னால் யாரைக் கூப்பிட்டார்களோ? இறகும் கூடாரமும் பிழை என்று புத்தகம் பார்த்துத் திருத்தலாம். அந்த வாய்களில் இருந்து எடுத்ததை எந்தப் புத்தகத்தில் போய்ப் பார்ப்பது?

நீ கேட்ட கேள்விக்கு மறுமொழி இதுதான், பிள்ளை. உன்னுடைய பட்டியலில் இதைச் சேர்ப்பதும் சேர்க்காததும் உன் விருப்பம். அந்தப் பிழையில் எனக்கும் பங்கு இருக்கிறது என்பதை மட்டும் மறைக்காதே.

நேற்றுச் சனிக்கிழமை. அம்மா உங்களைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போன பிறகு நான் தனியாக அந்தப் படத்தைப் போட்டேன். சத்தத்தை முழுதாகக் குறைத்தேன். மேடு வந்தது. அண்ணையின் முகம் வந்தது. அங்கே நிறுத்தி, “எனக்கு முந்தியே தெரியும் அண்ணை,” என்று முதலில் சொன்னேன். பிறகு படத்தைக் கொஞ்சம் பின்னுக்கு ஓட்டி, அவருடைய உதட்டைப் பார்த்துக்கொண்டு அவர் கத்தியதை நான் சொல்லத் தொடங்கினேன். முதல் தடவை பிந்திவிட்டேன். இரண்டாம் தடவை முந்திவிட்டேன். மூன்றாம் தடவை கதிரையை விட்டு எழும்பி நின்று, பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று, தம்பியின் பெயரிலிருந்து தொடங்கிக் கடைசிச் சொல் வரை கத்தினேன். வாயும் குரலும் பொருந்தின.